அப்போது கூத்தாடி, இப்போது எங்க ஊர்க்காரர்

அரசு ஊழியரை மிரட்ட மேலதிகாரிகள் சொல்லும் ஒரு வசனம் தமிழ்நாடு முழுக்கப் பிரசித்தம்: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்." அந்தக் காடு எது என்று யாரும் கேட்டதில்லை. ராமநாதபுரம் என்று கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். அந்தக் காட்டில், முதுகுளத்தூர்ப் பக்கம் இளஞ்செம்பூர் என்ற ஊரிலிருந்து, அப்பா திட்டிவிட்டார் என்று கோபித்துக்கொண்டு பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒரு பையன் ஓடிப்போனான். வீட்டில் வைத்த பெயர் முனுசாமி. பிறந்தது 1953 மார்ச் 23. பின்னாளில் தமிழ் பேசும் வீடுகளில் அவர் முகத்தைத் தெரியாத குழந்தை இல்லை என்றானது. நடிகர் செந்தில்.

நானும் அந்தச் சீமைக்காரன்தான். சாயல்குடிக்குத் தெற்கே, பனையும் உப்புக்காற்றும் மட்டும் தாராளமாக உள்ள ஒரு சிற்றூரில் வளர்ந்தேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் செந்திலின் பெயரைச் சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆனால் "நம்ம பக்கத்துப் பய" என்று ஒருவரும் உரிமை கொண்டாடியதில்லை. "கூத்தாடப் போனவன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இன்று ராமநாதபுரத்தில் யாரிடம் கேட்டாலும், "செந்திலண்ணன் எங்க ஊர்க்காரரு" என்கிறார்கள். முதுகுளத்தூர்க்காரரும் சொல்கிறார், கமுதிக்காரரும் சொல்கிறார். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நாற்பது ஆண்டு இருக்கிறது. அந்த நாற்பது ஆண்டில் எங்கள் பக்கத்துச் சிரிப்புக்கு என்ன ஆனது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பையன்கள் வீட்டை விட்டுப் போவது புதிதல்ல. மழை பொய்த்தால் முண்டு மிளகாய் கருகும். கண்மாய் பெருகாவிட்டால் நெல் கிடையாது. மிச்சமிருப்பது சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கிற கரி. தாத்தா காலத்தில் தனுஷ்கோடியில் கப்பலேறிக் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள். 1964 டிசம்பர் புயல் அந்தத் துறைமுகத்தையும் ரயிலையும் சேர்த்து வாரிக்கொண்டு போனபின் எல்லோரும் வடக்கே திரும்பினார்கள்: மளிகைக் கடை, பலகாரக் கடை, ஓட்டல். செந்தில் கிளம்பியது அந்தப் புயல் அடித்த ஓரிரு வருடத்தில். முதலில் எண்ணெய்க் கடையில் வேலை, அப்புறம் ஒயின் ஷாப்பில் பரிமாறும் வேலை. இந்த இரண்டு படியும் எங்கள் சீமைப் பையன்கள் எல்லோரும் ஏறிய படிகள்தான். மூன்றாவது படியில்தான் அவர் விலகினார். நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தார்.

நாடகம் என்றால் எங்களுக்கு நினைவு வருவது சபா நாடகம் இல்லை. திருவிழாவில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவிட்டுப் போன வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி. 1922இல் அவர் காலமாகி நூறு ஆண்டு கடந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் இன்னும் ஓயவில்லை. இந்த நாடகத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. இதில் கம்பெனி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து, ஆர்மோனியம் வேறு ஊரிலிருந்து. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, தனித்தனியாகப் பணம் கொடுத்து அழைப்பார்கள். அன்று மாலைதான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஆனாலும் இரவு மேடையேறினால் பத்து வருடம் சேர்ந்து நடித்தவர்கள் போல நாடகம் நடக்கும். பாட்டும் தர்க்கமும் எல்லோருக்கும் மனப்பாடம்.

மனப்பாடம் உதவாத ஒரே ஆள் பபூன்.

அவர்தான் முதலில் மேடைக்கு வருவார். சாமியும் ராஜாவும் வருவதற்கு முன்னால், ஜனம் இன்னும் பாய் விரித்து இடம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, தனி ஆளாக நின்று கூட்டத்தைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். அதற்காக அவர் பொழுதுசாயும் முன்னரே ஊருக்கு வந்துவிடுவார். டிரங்குப் பெட்டியை டீக்கடைப் பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு, யாரும் கவனிக்காதபடி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். யார் வீட்டில் கல்யாணம் நின்றது, யார் கண்மாய்க்கரையில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார், எந்தப் பெரியவருக்குக் கோபம் வந்தால் செருப்பைக் கழற்றுவார். எங்கள் ஊரில் அப்போது ஒரு கடைக்காரர் எந்தச் சாமான் கேட்டாலும் "நாளைக்கு வா" என்பார். அன்றிரவு பபூன் மேடையேறி ஆர்மோனியக்காரரிடம் சுதி கேட்டார். அவர் சுதி கொடுத்தார். பபூன் வாயைத் திறந்து, மூச்சை இழுத்து, பாடப்போவது போல நின்று, "நாளைக்கு வா" என்றார். ஊரே எழுந்துவிட்டது. அத்தை பாயிலேயே புரண்டு சிரித்தாள். கடைக்காரரும் சிரித்தார், அதற்குமேல் பத்து ரூபாய் அன்பளிப்பும் கொடுத்தார். மைக்கில் அவர் பெயரைச் சொன்னபோது கைதட்டல் இன்னும் கூடியது. மறுவாரத்திலிருந்து அவரால் "நாளைக்கு வா" என்று சொல்ல முடியவில்லை.

அந்த மனிதரை மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். காது மடலில் பவுடர் காய்ந்திருந்தது. புருவத்தில் மை முழுதாய்ப் போகவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். இரவெல்லாம் சிரித்த ஜனம் அவரைக் கடந்துதான் வயலுக்குப் போயிற்று. ஒருவரும் நின்று ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் கேட்டபோது ஒரு வீட்டில் திண்ணையில் வைத்துக் கொடுத்தார்கள். நானும் இவர் மாதிரி ஆகப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "கூத்தாடிப் பயலாப் போறியா? படிக்கிற வழியப் பாரு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்தது. சிரிக்க வைக்கிறவனை மதிக்கக் கூடாது என்பது எழுதாத சட்டமாக இருந்தது. இளஞ்செம்பூர் முனுசாமி அந்தச் சட்டம் இருந்த சீமையிலிருந்துதான் கிளம்பினார். அந்தத் துணிச்சலை இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

சினிமாவில் அவருக்கு வாசல் உடனே திறக்கவில்லை. எழுபதுகளின் கடைசியிலிருந்து சின்னச் சின்ன வேஷங்கள். 1983இல் 'மலையூர் மம்பட்டியான்' வந்த பிறகுதான் முகம் பதிந்தது. அடுத்த வருடம் ஆர். சுந்தர்ராஜன் இயக்கிய 'வைதேகி காத்திருந்தாள்'. வாடகைக்குப் பெட்ரோமாக்ஸ் விடும் கடை, கடைக்காரர் கவுண்டமணி. செந்தில் மேண்டிலைக் காட்டி இது எப்படி எரிகிறது என்று கேட்டுக்கொண்டே அதைத் தொட்டு உடைத்துவிடும் காட்சி. எங்கள் ஊரில் ஒரு சடங்கு வீட்டில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டபோது அந்த இடத்தை மறுபடி மறுபடி ஓட்டச் சொன்னார்கள்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பது பெட்ரோமாக்ஸ் கொளுத்தியவர்களுக்குத்தான் தெரியும். மேண்டில் என்பது ஒரு நூல் வலைப் பை. அதைக் கட்டி ஒருதரம் கொளுத்திவிட்டால் நூல் எரிந்து சாம்பல் மட்டும் பையின் வடிவத்தில் அப்படியே நிற்கும். பிறகு ஆயுசு முழுக்க வெளிச்சம் கொடுப்பது அந்தச் சாம்பல்தான். விரல் பட்டால் உதிரும். ஊதினால்கூடச் சில சமயம் உதிரும். மின்சாரம் வராத காலத்தில் நாடக மேடையில் பெட்ரோமாக்ஸைத் தூக்கி வைக்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். விளக்கு வாடகைக்கு எடுத்த எந்த வீட்டிலும் குழந்தைகளுக்குச் சொல்லும் முதல் கட்டளை, கிட்டப் போகாதே. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் செய்ய ஆசைப்பட்டுச் செய்யாமல் விட்டதைச் செந்தில் செய்துவிட்டார். அதுவும் குறும்பாகச் செய்யவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில், அவ்வளவு பணிவாக, "அண்ணே" போட்டுக் கேட்டுக்கொண்டு செய்தார்.

அந்தப் பணிவுதான் அவருடைய கலை. 1989இல் கங்கை அமரன் இயக்கிய 'கரகாட்டக்கார'னில் வாழைப்பழக் காட்சியைத் தெரியாதவர் இல்லை. மதுரையில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய படம். கவுண்டமணியின் கோபம் படிப்படியாக ஏறுகிறது. குரல் உயர்கிறது, கை ஓங்குகிறது, பக்கத்திலிருப்பவர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். எதிரில் செந்தில் ஒரே பதிலை, ஒரே குரலில், ஒரே முகத்தோடு திரும்பச் சொல்கிறார். அடுத்த முறை பார்க்கும்போது அவர் கண்ணை மட்டும் பாருங்கள். தான் வேடிக்கையாகப் பேசுகிறோம் என்ற சுவடே அதில் இருக்காது. ஒரு கணம் உதட்டோரம் அசைந்திருந்தால் காட்சி முழுதும் சரிந்திருக்கும். தன் பதில் சரியென்று முழுசாக நம்புகிற ஒரு மனிதனை அவர் நிறுத்திக் காட்டினார். கோபப்படுவது கவுண்டமணியின் வேலை. அந்தக் கோபம் நிற்கத் தரை போட்டுக் கொடுப்பது செந்திலின் வேலை. கவுண்டமணியின் வேகத்தைக் கொண்டாடும் நாம் இந்த அசையாத தரையைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

இந்தக் காட்சிகளை எழுதிய ஏ. வீரப்பனுக்கும் இங்கே ஒரு வணக்கம் வைக்க வேண்டும். அவர் புதுக்கோட்டைக்காரர், நாடகத்தில் வளர்ந்தவர். எண்பதுகளில் ஒரு படத்துக்குள் தனிப் படம் போல நகைச்சுவைப் பகுதியை எழுதிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர். அவர் எழுத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. அடிக்கிறவன் கடைசியில் தோற்பான். காசு போகும், பழம் போகும், மேண்டில் போகும், மானமும் போகும். அடி வாங்கியவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு நிம்மதியாக நிற்பான். எங்கள் ஊர் பபூன் செய்ததும் இதுவே. தன்னைத் தாழ்த்திக்கொண்டு எதிரே இருக்கும் பெரிய மனிதனின் வீறாப்பை இறக்கிவிடுவது. செந்தில் நாடகம் பழகியது ஊரை விட்டுப் போன பிறகுதான்; ஆனாலும் அவர் நிற்கிற நிலையில், கேட்கிற கேள்வியில் அந்த டீக்கடைப் பெஞ்சு மனிதரை நான் பார்க்கிறேன்.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. அந்த நகைச்சுவையில் பாதி செந்திலின் நிறத்தையும் தலையையும் உடம்பையும் வைத்து நடந்தது. அந்தக் கறுப்பு எங்கள் கறுப்பு. உப்பளத்திலும் கரிமூட்டத்திலும் மிளகாய்க் காட்டிலும் வேலை செய்கிற உடம்பின் நிறம். நான் மேற்படிப்புக்கு வெளியூர் போனபோது விடுதியில் எனக்கு வைத்த பட்டப்பெயர்கள் எல்லாம் அந்தப் படங்களிலிருந்து வந்தவை. ராமநாதபுரத்துப் பையன், கறுப்பு, குண்டு என்றால் பெயர் தேட வேண்டியதே இல்லை. அது வலித்தது. அந்த வசைகளை நகைச்சுவை என்று சொல்லி இன்று நியாயப்படுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் ஒரு வித்தியாசத்தையும் நான் கண்டிருக்கிறேன். வசை பாடப்பட்ட பாத்திரம் திரையில் ஒருநாளும் கூனிக் குறுகி நின்றதில்லை. 1994இல் 'நாட்டாமை'யில் கவுண்டமணிக்கு அப்பாவாகவே வந்தார். தன்னைவிட மூத்த நடிகருக்கு அப்பன் வேஷம். 1999இல் 'படையப்பா'வில் ரஜினிகாந்த் பக்கத்தில் நின்று தன் பங்குச் சிரிப்பை வாங்கிக்கொண்டார். விடுதியில் தலை குனிந்து நடந்த எனக்கு அந்த நிமிர்வு தேவையாக இருந்தது.

தொலைக்காட்சிக்கு வருகிறேன்.

எங்கள் கடற்கரையில் தொலைக்காட்சி முதலில் கிழக்கிலிருந்துதான் வந்தது. அதற்கும் முன்னால் வானொலி. இலங்கை வானொலி எங்களுக்குச் சென்னையைவிடத் தெளிவாகக் கேட்கும். அதில் 'கோமாளிகள்' என்று ஒரு நகைச்சுவைத் தொடர். மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரத்தின் பெயரே கலைஞரின் பெயராக ஒட்டிக்கொண்ட நடிகர்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சு, முஸ்லிம்களின் பேச்சு, சிங்களவர் பேசும் தமிழ் எல்லாம் ஒரே வீட்டுக்குள் மோதிச் சிரிக்க வைத்தன. 1976இல் அது அங்கே திரைப்படமாகவும் வந்தது. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும் பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கமெல்லாம் நீளமான கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டிக் கடலைப் பார்த்துத் திருப்பினார்கள். சிங்களம் யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒருவர் வழுக்கி விழுந்தால் கீழக்கரையிலும் சிரித்தார்கள். பின்னால் ராமேஸ்வரம் தீவிலேயே தூர்தர்ஷன் 323 மீட்டர் உயரத்தில் ஒளிபரப்புக் கோபுரம் எழுப்பியது. இந்தியாவின் மிக உயரமான கட்டுமானங்களில் ஒன்று. கடலில் வெகுதூரம் போன படகிலிருந்து பார்த்தாலும் தெரியும். இன்று அதன் நிழலில் இருக்கும் வீடுகளிலேயே ஆன்டெனா இல்லை. எல்லோர் கையிலும் கைபேசி.

செந்திலைப் பொறுத்தவரை தொலைக்காட்சி விநோதமான ஒரு வேலை செய்தது. 1993இல் சன் டிவி தொடங்கியது. தனியார் அலைவரிசைகள் பெருகின. 2009இல் ஆதித்யா போல நகைச்சுவைக்கென்றே தனி அலைவரிசை வந்தது. அவர்களுக்கு நாள் முழுக்க ஓட்ட ஏதாவது வேண்டும். எண்பது, தொண்ணூறுகளின் படங்களிலிருந்து நகைச்சுவைப் பகுதிகளை வெட்டி எடுத்தார்கள். படத்தின் கதை மறந்துபோனது, கதாநாயகன் பெயர் மறந்துபோனது. வெட்டி எடுத்த துண்டு மட்டும் வாழ்ந்தது. 2000க்குப் பின் செந்தில் புதிதாக நடித்த படங்கள் குறைவு. ஆனால் அவர் வீட்டுக்கு வராத நாள் கிடையாது. அவர் நடிப்பு குறைந்திருந்த காலத்தில் பிறந்த குழந்தைகள் அவரைப் பார்த்துச் சோறு உண்டன. இதற்காக நடிகருக்குத் தனியாகப் பணம் கொடுக்கும் வழக்கம் தமிழ்ச் சினிமாவில் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிறகு மீம்ஸ் வந்தது. அரசியல், கிரிக்கெட், காதல், வேலையின்மை எதுவானாலும் செந்திலின் ஒரு முகம் பொருந்துகிறது. 2018இல் 'தானா சேர்ந்த கூட்டம்', 2019இல் சன் டிவியில் 'ராசாத்தி' தொடர், 2024இல் 'லால் சலாம்' என்று அவர் மறுபடி நடிக்க வந்தபோது புதுத் தலைமுறைக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டிய தேவையே இருக்கவில்லை. நடுவில் கட்சி மேடைகளும் ஏறினார், அ.தி.மு.க., அ.ம.மு.க., பா.ஜ.க. என்று மேடைகள் மாறின. பேச்சைக் கேட்க வந்தவர்களைவிட முகத்தைப் பார்க்க வந்தவர்களே எங்கும் அதிகம்.

கூத்தாடி என்ற ஏச்சை உடைத்ததும் தொலைக்காட்சிதான்; அதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். 2005இல் விஜய் டிவியில் 'கலக்கப்போவது யாரு' வந்தது. சிங்கம்புணரியில் பிறந்த சிவகார்த்திகேயன் அந்த மேடையில் மிமிக்ரி செய்து, நிகழ்ச்சித் தொகுப்பாளராகி, 2012இல் கதாநாயகனானார். அவர் பிறந்தது 1985 பிப்ரவரி. மறுமாதம் பழைய ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து சிங்கம்புணரி சிவகங்கைப் பக்கம் போனது. பிறக்கும்போது அவரும் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்தான். மதுரையின் ரோபோ சங்கர் உடம்பெல்லாம் வெள்ளி வண்ணம் பூசிக்கொண்டு திருவிழா மேடைகளில் ரோபோ நடனம் ஆடியவர். அந்தப் பெயரோடே தொலைக்காட்சிக்கும் சினிமாவுக்கும் போனார். 2025 செப்டம்பர் 18 அன்று நாற்பத்தாறு வயதில் அவர் இறந்தபோது எங்கள் ஊர்களில் அஞ்சலிப் பதாகை வைத்தார்கள். பதாகை வைத்த பையன்களின் தாத்தாக்கள் பபூனுக்குத் திண்ணையில் தண்ணீர் கொடுத்தவர்கள். இன்று அப்பா அம்மாவே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நகைச்சுவை நிகழ்ச்சித் தேர்வுக்குச் சென்னைக்கு ரயிலேறுகிறார்கள். எட்டு வயதுப் பையன் வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னால் மிமிக்ரி செய்கிறான். அதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

ஆனால் அதே ஊரில், அதே திருவிழாவில், பபூனுக்கு இடம் சுருங்கிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆட்கள் ஊரில் இருப்பார்கள். கடற்கரை ஊர்களில் திருவிழாவுக்கும் நாடகத்துக்கும் அதுவே தோதான காலம். இப்போது அந்த இரவை ஆடல் பாடல் நிகழ்ச்சி எடுத்துக்கொள்கிறது. ஆபாச நடனம் கூடாது, சாதியைப் புகழும் பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று நிபந்தனைகளோடு, சில ஊர்களில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய் அனுமதி வாங்கி வந்து நடத்துகிறார்கள். தொலைக்காட்சியில் முகம் தெரிந்த ஒரு நகைச்சுவைக் கலைஞர் சிறப்பு விருந்தினராகக் காரில் வந்து இறங்குவார். தொலைக்காட்சியில் சொன்ன அதே துணுக்குகளைச் சொல்வார். தவறில்லை, ஜனம் அதைத்தான் கேட்கிறது. செல்பி எடுத்துக்கொண்டதும் கிளம்பிவிடுவார். அவரால் எங்கள் ஊர்க் கடைக்காரரைத் திருத்த முடியாது. அந்தக் கடைக்காரர் யாரென்றே விருந்தினருக்குத் தெரியாது.

நாடகம் நடக்கும் ஊர்களிலும் நிலைமை மாறியிருக்கிறது. மேடைக்கு எதிரே கேமராக்கள் நிற்கின்றன. விடிய விடிய நடந்த வள்ளி திருமணம் மறுநாளே யூடியூபில் முழுசாக ஏறிவிடுகிறது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் எங்கள் பையன்கள் அறையில் படுத்துக்கொண்டு பார்க்கிறார்கள். ஒரு நாடகம் நன்றாகப் போனால் அந்தப் பபூனுக்கு அடுத்த வாரமே புது ஊரிலிருந்து அழைப்பு வருகிறது. இது பெரிய நன்மை. எங்கள் காலத்து பபூனுக்குக் கிடைக்காத நன்மை. ஆனால் டீக்கடையில் கேட்டதை மேடையில் சொல்ல அவர் பயப்படுகிறார். ஊருக்குள் சிரித்து முடிந்துவிடும் ஒரு வார்த்தை வெளியே போனால் வழக்காகலாம், சாதிச் சண்டையாகலாம். அண்மையில் எங்கள் பக்கத்து ஊரில் ஒரு இளம் பபூன் என்னிடம் சொன்னார்: "முன்னாடி தலைவரு பேரச் சொன்னா தலைவரே சிரிப்பாருண்ணே. இப்ப அவரு சிரிச்சாலும் அவரு வாட்ஸப் குரூப்பு சிரிக்க மாட்டேங்குது." அதனால் அவரும் தொலைக்காட்சித் துணுக்குகளையே சொல்கிறார். நாடகத்திலிருந்து சினிமாவுக்கும், சினிமாவிலிருந்து தொலைக்காட்சிக்கும் போன சிரிப்பு, தொலைக்காட்சியிலிருந்து மறுபடி நாடக மேடைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. வந்த வழியில் ஊரின் பெயரை மட்டும் தொலைத்துவிட்டது.

2020லும் 2021லும் பெருந்தொற்றுக்காகத் திருவிழாக்கள் நின்றபோது இந்தக் கலைஞர்கள் பட்டதை நான் நேரில் பார்த்தேன். பங்குனியில் தொடங்கி ஆடி வரை கிடைக்கும் வருமானத்தில்தான் வருடம் முழுக்க ஓட வேண்டும். அந்த நாலைந்து மாதம் இரண்டு வருடம் தொடர்ந்து போயிற்று. ஆர்மோனியத்தை அடகு வைத்தவர்கள் உண்டு. கரிமூட்டத்துக்குக் கூலிக்குப் போன ராஜபார்ட் உண்டு. செந்திலின் துண்டுகளை அந்த ஊரடங்கில் இரவும் பகலும் பார்த்துப் பொழுதைப் போக்கிய நாம், அதே கலையைச் செய்கிறவர் பக்கத்துத் தெருவில் அரிசியில்லாமல் இருந்ததைக் கேட்கவில்லை. அந்த நாள்களை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

செந்தில் எங்க ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை வேண்டுமென்றால், நம் ஊருக்கு வருகிற பபூனை நாம் நடத்தும் விதம் மாற வேண்டும். விழாக் கமிட்டியில் இருக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: மூன்று இரவு திருவிழாவில் ஓர் இரவையாவது நாடகத்துக்குக் கொடுங்கள். நேரமாகிவிட்டது என்று வெட்டும்போது முதலில் பபூனின் நேரத்தை வெட்டாதீர்கள். பேசிய தொகையை மேடையேறும் முன்பே கையில் கொடுங்கள். படுக்க ஓர் அறை, காலையில் பஸ் ஏறும்வரை மரியாதையாக உட்கார ஓரிடம் கொடுங்கள். மேடையில் உங்கள் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்தால் சிரியுங்கள். அதை வெட்டி எடுத்து வாட்ஸப்பில் பரப்பாதீர்கள். உங்கள் ஊரில் மேடையேற முடியாத வயதில் ஒரு நாடகக் கலைஞர் இருந்தால், தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. விண்ணப்பம் எழுதவும் சான்றிதழ் வாங்கவும் அவருக்கு ஆள் இருக்காது. கூடப் போய் வாங்கிக் கொடுங்கள்.